பொட்டு எட்டாத டயர்கள்

முதலில் பீங்கான்களைத்தான் பார்த்தேன். வண்டியை அப்புறம்தான் பார்த்தேன்.

சேத்தியாத்தோப்புக்குச் சற்று முன்னால், சாலையை விட்டு ஓர் ஆள் உயரம் இறங்கிக் கிடக்கும் சம்பா வயல். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். அந்தப் பச்சைக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கை கழுவும் பீங்கான்கள் சிதறிக் கிடந்தன. சில உடைந்திருந்தன, பல உடையவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. மல்லாந்து கிடந்தவற்றில் எல்லாம் தண்ணீர் நிறைந்து, ஆளுக்கொரு துண்டு வானம் வைத்திருந்தன. ஒன்றில் மேகம் நகர்ந்தது. பக்கத்தில் கிடந்ததில் அதே மேகம் இன்னும் வந்து சேரவில்லை.

ஆட்டோவிலிருந்து இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பீங்கான் ஏற்றிப் போன எங்கள் லாரியில் என் கணவரும் மகளும் போயிருந்தார்கள். அவர்களைத் தேடி ஓடாமல், பீங்கானுக்குள் மேகம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை எனக்கு இன்றும் புரியவில்லை. பயம் முற்றினால் கண்ணைக் கொண்டுபோய் வேறெங்காவது வைத்துவிடும் போலிருக்கிறது.

சம்பளம் வாங்கும் முதலாளி

நாங்கள் பழைய லாரி ஒன்றை வாங்கிய கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “மாதம் இவ்வளவு என்று வராத வீட்டில் எப்படிக் குடும்பம் நடத்தினீர்கள்?”

முதல் வருடம் நடத்தவே இல்லை என்பதுதான் உண்மை. எங்கள் ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் லோடு எப்போது கிடைக்கும் என்று சூளைக்கே தெரியாது. ஒரு மாதம் வண்டி நிற்க நேரமில்லாமல் ஓடும். அடுத்த மாதம் ரயிலடிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டு, போகிற ரயிலை எல்லாம் வழியனுப்பிக்கொண்டிருக்கும். லோடு வாடகை வந்த நாளில் எங்கள் வீட்டில் கறி மணக்கும். வராத வாரத்தில் ரசம்.

கையில் கற்றையாகப் பணத்தைப் பார்த்ததும் அது எங்கள் பணம் என்று நினைத்தோம். அதில் பாதிக்கு மேல் டீசலுக்கு உரியது. கொஞ்சம் பைனான்ஸ்காரருடையது. கொஞ்சம் இன்சூரன்ஸுக்கு. எல்லாம் போக எங்களுக்கென்று இருந்தது ஒரு மடிப்பு நோட்டுதான். நாங்களோ கற்றைக்குத் தகுந்த மாதிரி செலவு செய்துகொண்டிருந்தோம்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்; அந்தச் சம்பளம் பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. லாப நஷ்டக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பாதிக் கணக்கில் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

“இன்னையிலேர்ந்து நீங்க இந்த வண்டிக்கு டிரைவருங்க. அவ்வளவுதான்.”

“அப்ப முதலாளி யாரு? நீயா?”

“வண்டி.”

ஏற்பாடு எளிமையானது. வேறு ஒருவருடைய லாரியை ஓட்டினால் ஒரு டிரைவருக்கு என்ன சம்பளம் கிடைக்குமோ அதுதான் மாதா மாதம் வீட்டுக்கு. வண்டி ஓடோடென்று ஓடின மாதத்திலும் அதே சம்பளம், படுத்துக் கிடந்த மாதத்திலும் அதே. வழியில் சாப்பிடப் பேட்டா தனி. மீதி அத்தனையும் வண்டியுடையது. நல்ல மாதத்தில் வண்டி சேர்த்து வைப்பதுதான் கெட்ட மாதத்தில் எங்களுக்குச் சோறு போடும்.

இது டீக்கடைக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. இன்னொரு லாரிக்காரரான கலியமூர்த்தி அண்ணன், என் வீட்டுக்காரரைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

“என்னாப்பா ராஜேந்திரா, சம்பளம் போட்டாச்சா? டீச்சரம்மா லீவு நாளுக்கு எல்லாம் புடிச்சிக்கிறாங்களாமே?”

“தீவாளிக்கு போனஸும் உண்டுண்ணே. உனக்கு யாரு தரா?”

கேட்காமல் சாப்பிடுவது

டீசல் தீர்ந்தால் முள் இறங்கிக் காட்டும். பைனான்ஸ்காரர் வாசலில் வந்து நின்று கேட்பார். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எப்.சி. சான்று வாங்குவதற்கு ஒரு தேதி இருக்கிறது. டயர் மட்டும் எதுவும் கேட்காது. ஒவ்வொரு நடையிலும் நம் காசைக் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டில் தேய்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து நிற்கும்.

அதனால் ஒவ்வொரு நடைக்கும் டயருக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தேன். அது தங்கவில்லை. டயர் இன்றைக்கா தேய்ந்துவிடப் போகிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். இவருக்குக் கொஞ்சம் சீக்கிரமே வரும். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு முறை போனது. தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு முறை. குறை சொல்ல முடியாத செலவுகள்தாம். ஆனால் காதுகுத்துக்குப் போன பணத்தில் லாரி ஓடாது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. குலசாமிக்கு நேர்ந்துகொண்டால் எங்கள் வட்டாரத்து வீடுகளில் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைப்போம். அதை யாரும் தொட மாட்டார்கள். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். எதற்கு என்று கேட்கவும் மாட்டார்கள். வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது. எவ்வளவு முடையிலும் அந்த முடிச்சு அவிழாது.

ஒரு துண்டு மஞ்சள் துணி, அதில் ஒரு விரலி மஞ்சள், டயர்ப் பணம். முடிந்து, சாமி படத்துக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் ஒன்றும் கேட்கவில்லை; டயருக்கு எடுத்து வைப்பதை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பார். சாமி கோபித்துக்கொள்ளாது என்றுதான் எனக்குப் பட்டது. டயரும் காப்பாற்றுகிற வேலையைத்தானே செய்கிறது?

அன்றிலிருந்து வண்டி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் இவர் கிளம்புவார். பார்க்க எனக்கு உள்ளூரச் சிரிப்பாக இருக்கும்.

பீங்கான் பேச்சு

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பீங்கானுக்கு ஒரு குரல் உண்டு. வைக்கோலில் பொதிந்து லாரியில் அடுக்கிய பிறகு, வண்டி தெரு முனையில் திரும்பும்போது அவை ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொள்ளும். கிண்கிண் என்று இல்லை, அதைவிடத் தாழ்ந்த சத்தம். தூக்கத்தில் குழந்தைகள் பல்லைக் கடிக்கிற மாதிரி. வெயில் நாளில் சூளைப் பக்கமிருந்து வெள்ளை மண் தூசி பறந்து வந்து தெருவில், துணியில், முருங்கை இலையில் படிந்திருக்கும். அந்த வெள்ளைக்குள் வண்டி போய் மறைந்தபின்னும் சத்தம் கொஞ்ச நேரம் தெருவில் நிற்கும். மகள் சுகந்தி சின்னவளாக இருந்தபோது, “அப்பா இன்னும் போகலம்மா, கேக்குது பாரு” என்பாள்.

ஆயுத பூஜை

நான் சொல்ல வந்த வருடம் சுகந்தி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளி விடுமுறை முடிந்ததும் பீஸ் கட்டியாக வேண்டும். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மண் காயவில்லை, சூளைகள் மந்தம், லோடு அபூர்வம். வண்டியின் சேமிப்பு வற்றிக்கொண்டே வந்தது. பீஸுக்கென்று வீட்டுச் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிச் சேர்த்ததை ஓர் எவர்சில்வர் டப்பாவில் வைத்திருந்தோம். அது மூன்று பேருக்கும் தெரிந்த டப்பா. அதில் பேட்டாவில் மிச்சம் பிடித்ததை இவரும் போட்டுக்கொண்டு வந்தார். வழியில் என்ன சாப்பிட்டாரோ.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டோம். சந்தனமும் குங்குமமும் நான்தான் வைப்பேன். முன்னால் இரண்டு டயர். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக ஜோடி டயர்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

“டயரெல்லாம் எப்படி இருக்குதுங்க?”

“நீயே பாத்துக்கயேன்.”

ஒரு ரூபாய்க் காசை டயர்ப் பள்ளத்தில் செருகிப் பார்க்க இவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பாதிக் காசாவது உள்ளே போக வேண்டும். முன் டயர்களில் போனது. பின்னால் வெளி டயர்களிலும் போனது. திருப்தியாகப் பொட்டு வைத்தேன்.

சுகந்தி பூஜை விடுமுறைக்கு வந்திருந்தாள். குனிந்து பார்த்துவிட்டு, “உள்ள இருக்கற டயருக்குப் பொட்டு வெக்கலியாம்மா?” என்றாள்.

“கை எட்டலடி.”

“அதுங்களுக்கு எதுக்கு பொட்டு?” என்றார் இவர் சட்டென்று. “யாரு பாக்கப் போறா?”

மூன்று பேரும் சிரித்தோம். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டி ஏறி நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. அந்தச் சிரிப்பைப் பிற்பாடு எத்தனையோ முறை கனவில் கேட்டிருக்கிறேன். கனவில் மட்டும் நான் சிரிக்காமல் குனிந்துகொண்டிருப்பேன்.

தூறலில் கிளம்பியது

தீபாவளி முடிந்து ஹாஸ்டல் திறக்கும் சமயத்தில், அதிசயமாக நாகப்பட்டினத்துக்கு ஒரு லோடு அமைந்தது. சிதம்பரம் வழியாகத்தான் போக வேண்டும்.

“பொண்ண நானே கொண்டுபோய் வுட்டுடறேன்” என்றார் இவர்.

“அப்பா, லாரியிலேர்ந்து ஹாஸ்டல் வாசல்ல எறங்கினா அவளுங்க சிரிப்பாளுங்கப்பா. நான் பஸ்ஸுல போறேன்.”

“வாசல்ல வேணாம், முக்குல எறக்கி வுடறேன். ராணி மாதிரி நடந்து போ.”

பீஸ் பணத்தை அவள் பையின் உள்ளறையில் வைத்து ஊக்கு மாட்டினேன். இவர் வழக்கம் போல மஞ்சள் முடிச்சைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். அன்று கொஞ்சம் அதிக நேரம் கண்ணை மூடியிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அது நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

“போயிட்டு வரேன்.”

பொடித் தூறல். பீங்கான்கள் பேசிக்கொண்டே தெரு முனையைத் தாண்டிப் போயின.

நான் ஏழாம் வகுப்பில் சதவீதம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆயாம்மா வந்து, “டீச்சர், ரூம்ல உங்க போனு அடிச்சிக்கிட்டே கெடக்குது” என்றார். போய் எடுத்தால் இவருடைய நம்பர். பேசியது வேறு குரல்.

“அம்மா, இதுல ‘வூடு’ன்னு போட்டிருந்துச்சி, அதான் அடிச்சேன். வண்டி சாஞ்சிடுச்சிம்மா. சேத்தியாத்தோப்புக்கு இந்தாண்ட. வெரசா வாங்க.”

“ஆளுங்க எப்படி இருக்காங்க? பொண்ணு ஒண்ணு இருந்துச்சே?”

சிக்னல் போய்விட்டது. திரும்ப அடித்தேன், அடித்துக்கொண்டே போனேன். ஆட்டோவின் இரு பக்கமும் மழைத் தார்ப்பாய் தொங்கியது. அதன் இடுக்கில் தெரிந்த வெள்ளையெல்லாம் எனக்குத் துணியாகத் தெரிந்தது. கொக்கு, சுண்ணாம்புச் சுவர், கட்டி வைத்த பசு. ஆட்டோக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த வயல். அந்த மேகம்.

நாற்றின் மேல்

“யாரும்மா நீ? லாரிக்காரரு சம்சாரமா?”

உரச் சாக்கை மடித்துத் தலையில் மாட்டியிருந்த ஓர் அம்மாள் வரப்பில் நின்று கேட்டார். வயல் அவருடையது. தலையை ஆட்டினேன்.

“பொண்ணு என் வூட்டுல இருக்குது. நெத்தியில லேசா காயம், துணி கட்டியிருக்கேன். டீ குடிச்சிட்டு இருக்குது. உன் வூட்டுக்காரரு அதோ மதகு மேல. தோளுதான் தூக்க முடியல.”

சரிவில் சறுக்கி வயலுக்குள் இறங்கினேன். சேற்றில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“எழுந்திரும்மா. நாத்து மேல உக்காந்துட்ட பாரு. உன் வண்டி பண்ணது பத்தாதா?”

எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே பீங்கான்களைக் காட்டிக் கேட்டார்: “இதெல்லாம் கை கழுவறதா, இல்ல அந்த சமாச்சாரமா?”

“ரெண்டும் இருக்குதுங்க.”

“நல்லா இருக்குது போ. இத்தன வருசமா நான் கேட்டு கவருமெண்டு குடுக்கல, வானத்துலேர்ந்து வுழுந்திருக்குது.”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

லாரி இடது பக்கமாகச் சாய்ந்து, களைத்துப் போன மாடு போலச் சரிவில் படுத்திருந்தது. அதன் அடிப்பக்கம் முழுதும் வெளியே தெரிந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

இவர் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். துண்டைத் தொட்டிலாகக் கட்டி ஒரு கையை அதில் போட்டிருந்தார்.

“சுகந்தியப் பாத்தியா?”

“நல்லா இருக்காளாம். டீ குடிக்கிறாளாம்.”

அப்புறம் அவரே சொன்னார்.

“உள் டயரு வெடிச்சிது. பாரம் பூரா வெளி டயருக்கு வந்துச்சி, அதுவும் போச்சு. மெதுவாத்தான் வந்தேன். மழையில ஓரம் எளகிக் கெடந்துச்சி, அப்படியே எறங்கி சாஞ்சிடுச்சி.”

“உள் டயரு நல்லா இல்லையா?”

“மொட்டை. ரெண்டு பக்கமும் மொட்டை. நல்லத வெளிய மாத்திப் போட்டு வச்சிருந்தேன். நீ காசு செருகிப் பாப்பியே.”

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்னா பண்ணுவ? அந்த டப்பாவத் தொறந்து, இந்தாங்க, டயரு வாங்குங்கம்ப. பொண்ணு பீஸு என்னாவறது? வேற எங்க இருக்குது நம்மகிட்ட பணம்?”

“இருக்குதுங்க.”

“எங்க?”

“சாமி படத்துக்குக் கீழ. மஞ்சத் துணியில.”

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அது வேண்டுதல் இல்ல?”

“டயருங்க. டயரு காசு. வேண்டுதல்னு நெனச்சாத்தான் தொட மாட்டீங்கன்னு...”

அவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். தூறல் மறுபடி பிடித்தது. பீங்கான்களில் இருந்த வானங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கலைந்தன.

“தெனம் அதக் கும்பிட்டுட்டுத்தான வண்டி எடுத்தேன்” என்றார். “டயரு காசக் கும்பிட்டுட்டு மொட்டை டயருல போயிருக்கேன்.”

அவர் முதுகு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. முன்னால் போய்ப் பார்த்தபோதும் தெரியவில்லை.

“பேசாம இரு. குலுங்கினா தோளு வலிக்குது” என்றார்.

நெற்றியில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டிக்கொண்டு சுகந்தி வரப்பில் நடந்து வந்தாள். பையை மார்போடு அணைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: “அம்மா, பணம் அப்படியே இருக்குதும்மா. ஊக்குகூடக் கழலல.”

அவிழ்த்த பிறகு

மறுநாள் நானும் அவளும் பஸ்ஸில் போய்ப் பீஸைக் கட்டினோம்.

வீட்டுக்குத் திரும்பி முடிச்சை அவிழ்த்தேன். நோட்டுகளில் மஞ்சள் ஏறியிருந்தது. இரண்டு டயருக்குச் சரியாக இருந்தது. உள்ளே போட வேண்டியிருந்ததும் இரண்டுதான். நான் அதை இவரிடம் சொல்லவில்லை. அவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வண்டி எழுந்து நிற்க மாதங்கள் பிடித்தன. தோள் கூடியதும் கலியமூர்த்தி அண்ணன் வந்து, தன் இன்னொரு லாரியின் சாவியை மேசையில் வைத்தார். “உனக்குச் சம்பளம் வாங்கிப் பழக்கம் இருக்குது, அதான் உன்கிட்ட வந்தேன். தீவாளி போனஸ் மட்டும் கேக்கக் கூடாது.” சம்பளத்தில் குடும்பம் நடத்தப் பழகியிருந்ததால் அந்த மாதங்களைக் கடந்தோம். அடுத்த தீபாவளிக்கு அவரிடமிருந்தே ஒரு கவர் வந்தது.

அந்த வயல்கார அம்மாள் எங்களிடம் நஷ்ட ஈடு எதுவும் வாங்கவில்லை. உடையாத பீங்கான்களைப் பொறுக்கி ஏற்ற வந்தவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாராம். சிதம்பரம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். வேலியோரம் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்திருக்கிறார். ஒரு கன்றுக்குட்டி அதில் தண்ணீர் குடிக்கும். குடித்துவிட்டு அது தலையைத் தூக்கிய பிறகு, வானம் மெல்லத் திரும்பி வந்து அதில் உட்காரும். பஸ் அதற்குள் வெகுதூரம் போயிருக்கும்.

சுகந்தி இப்போது வேலையில் இருக்கிறாள். நெற்றியில் தழும்பு இருக்கும் இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது முதலில் தெரிகிறது, அப்புறம்தான் அவள் முகம்.

மஞ்சள் துணி அதே ஆணியில்தான் தொங்குகிறது. ஒவ்வொரு நடைக்கும் அதில் கொஞ்சம் சேர்கிறது. இவர் கிளம்பும்போது இன்னமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

“டயரு காசுங்க அது” என்பேன்.

“தெரியும்” என்பார், கண்ணைத் திறக்காமல்.

அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். தெருவில் யார் பார்த்தாலும் சரி, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத அந்த டயரின் பள்ளத்தை விரலால் தேடி ஒரு ரூபாய்க் காசைச் செருகுகிறேன். பாதிக் காசு உள்ளே போகிறது.

அதற்கப்புறம்தான் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “போயிட்டு வாங்க” என்கிறேன்.